சத்தமில்லாத வண்டி

சேந்தமங்கலம் லைனைப் பார்க்கிற சூப்பர்வைசர் குமரகுருவுக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பதினான்கு. வண்டியின் மீட்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் நின்றுபோய் மூன்று வருஷம் ஆகிறது. குமரகுரு இன்னும் நிற்கவில்லை.

நாமக்கல்லில் கிளை வைத்திருக்கிற ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் அவருக்கு வேலை. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் கொடுப்பார். நாற்பது நாளில் கோழி லாரி ஏறிவிடும். நடுவில் குஞ்சு பிழைக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்ப்பதுதான் சூப்பர்வைசர் வேலை. கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் முப்பத்திரண்டு பண்ணைகள் அவர் கையில் இருந்தன. அந்த முப்பத்திரண்டையும் ஒரே வண்டியில், ஒருநாள்கூட நடுவழியில் நிற்காமல், பதினான்கு வருஷம் சுற்றிவந்தவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய கர்வம் அவருடைய காது. கொட்டகைக்குள் நுழைந்ததும் உதட்டைக் குவித்து ஒரே ஒரு நீள விசில் அடிப்பார். நாலாயிரம் குஞ்சும் தீனியை விட்டுத் தலையைத் தூக்கி அப்படியே நிற்கும். அந்த நாலைந்து விநாடி அமைதியில் எங்காவது ஒரு குஞ்சு 'கொர்' என்று சளி இழுத்தால் போதும். எந்த மூலை, ஏறக்குறைய எத்தனை குஞ்சு என்று குமரகுரு சொல்லிவிடுவார். அன்றைக்கே தண்ணீரில் மருந்து கலந்தால் கூட்டம் பிழைக்கும். இரண்டு நாள் தள்ளினால் செத்ததைச் சாக்கில் அள்ள வேண்டியதுதான். டாக்டர் குஞ்சை அறுத்துப் பார்த்துச் சொல்வதை இவர் வாசலில் நின்றே சொல்கிறார் என்று அந்த லைனில் பெயர். இத்தனை வருஷமாக அவரை அலுவலக மேஜைக்கு இழுக்காமல் வெளியிலேயே வைத்திருந்ததும் அந்தக் காதுதான். படிப்பில் அவரைவிடப் பெரிய ஆட்கள் கிளையில் நான்கு பேர் இருந்தார்கள்.

வண்டியையும் அவர் காதால்தான் பராமரித்தார். சத்தம் போடாத சாமானைத் தொடாதே என்பது அவருடைய சட்டம். ஆயில் மட்டும் தேதி பார்த்து மாற்றுவார். மற்றதெல்லாம் தானாக வந்து முறையிட வேண்டும். செயின் சலசலத்தால் இறுக்குவார். பிரேக் கீச்சிட்டால் கட்டையை மாற்றுவார். என்ஜினில் 'டக்டக்' கேட்டால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். நன்றாக ஓடுகிற வண்டியைக் கழற்றிக் கழற்றிக் கெடுக்கிற மெக்கானிக்குகள்மேல் அவருக்குத் தீராத கோபம்.

கடைசி இரண்டு வருஷமாக வண்டி முறையிடவே இல்லை. வாசலில் சாக்கு விரித்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது.

"ரெண்டு வருசமா ஒரு சத்தம் இல்லீங்க. வயசாக வயசாகப் பதவிசா ஆயிருச்சு," என்று டீக்கடையில் சொல்வார். கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பொறாமை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அவருடைய மனைவி மஞ்சுளாவும் அதே காலத்தில்தான் பதவிசாகியிருந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தாய்க்காரிக்கு ஒரு நிதானம் வந்துவிட்டது, குரலை உயர்த்துவதே இல்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். அடிவாரத்துப் பாவாயி பண்ணைக்குப் போனால், வண்டியை நிறுத்துவதற்குள் ஆவி பறக்க டீ தயாராக இருக்கும். அது எப்படி நேரம் தவறாமல் நடக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. நன்றாகப் போகிற காரியத்தை யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

போன ஐப்பசியில் மட்டும் ஒரு சங்கடம் நடந்தது. பாவாயி பண்ணைக்கு அடுத்த கருப்பண்ணன் பண்ணையில், ஒரு திங்கட்கிழமை குமரகுரு விசிலடித்துக் கேட்டுவிட்டு, சளி இல்லை என்று சொல்லிப் போனார். வியாழக்கிழமைக்குள் எழுநூறு குஞ்சு செத்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர் சளி என்றார். திங்கட்கிழமை இல்லாத சளி நடுவில் எங்கிருந்து வந்தது? தொட்டியைக் கழுவாமல் விட்டதால் தண்ணீரில் வந்தது என்று குமரகுரு பேட்ச் அட்டையில் எழுதினார். கொட்டகை வாசலில் தொங்குகிற அந்த அட்டையில் எழுதியதுதான் கம்பெனிக்கு வேதம். கருப்பண்ணனுக்கு அடுத்த குஞ்சு இறக்குவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். தொட்டியைக் கழுவினேன் என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார். குமரகுரு கேட்டுவிட்டுச் சொன்ன பிறகு அந்த லைனில் மறுபேச்சு ஏது? கருப்பண்ணனும் விட்டுவிட்டார்.

தை பிறந்ததும் வண்டிச் சோதனை வந்தது.

சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால்தான் அரசாங்கம் கூப்பிட்டுப் பார்க்கும். கம்பெனிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேறொரு கிளையில் ஒரு சூப்பர்வைசர் வழுக்கை டயரோடு மழையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டதிலிருந்து, வருஷத்துக்கொரு முறை எல்லா வண்டியையும் சோதிக்கிறார்கள். தேறினால் பச்சை ஸ்டிக்கர். தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தவர் சரிசெய்து காட்டும்வரை லைனுக்குப் போக முடியாது. கிளையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தீவனக் கணக்கு ஏற்ற வேண்டும்.

அதற்கு முந்தின நாள் கிளையில் நடக்கிற கூத்தைப் பார்க்க வேண்டும். வண்டி வாங்கிய மறுநாளே கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டவர்கள் பரணில் ஏறுவார்கள். பிரேக் விளக்கு எரிகிறதா என்று வருஷத்தில் ஒருநாள் மட்டும் ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் குனிந்து பார்ப்பார். கோகுல்ராஜ் என்கிற இளைய சூப்பர்வைசர் வைத்திருந்த ஒரு ஜோடி கண்ணாடி, போன வருஷம் மூன்று வண்டிகளைத் தேற்றியது. சோதனை முடிந்த வண்டியிலிருந்து கழற்றி, சுவருக்குப் பின்னால் கைமாற்றி, அடுத்த வண்டியில் மாட்டினார்கள். இதற்குச் செலவான சாமர்த்தியத்தில் பாதி இருந்தால் எல்லோரும் புதுக் கண்ணாடியே மாட்டியிருக்கலாம்.

குமரகுருவுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. கண்ணாடி, விளக்கு, டயர் எல்லாம் கண்ணால் பார்த்தே சுத்தமாக வைத்திருந்தார். முந்தின இரண்டு வருஷமும் சோதிக்க வந்தவர், "அண்ணன் வண்டிங்களா, அதைப் பாக்கோணுமா?" என்று பச்சை ஒட்டிவிட்டுப் போனார். இந்த வருஷம் வேறு ஆள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வண்டிச் சோதனை நிலையத்தில் வேலை செய்கிற தேவிப்ரியா, கையில் ஒரு டார்ச்சும் டயர் ஆழம் பார்க்கிற சின்ன அளவுகோலும் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு எந்த அண்ணனையும் தெரியாது.

ஒவ்வொரு வண்டியாகக் கையால் அசைத்துப் பார்த்தாள். முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினாள். ஹாண்டிலைத் திருப்பி எங்கே இடறுகிறது என்று பார்த்தாள். செயினை ஒரு விரலால் தூக்கினாள். கோகுல்ராஜின் கண்ணாடி இரண்டாவது வண்டியிலேயே பிடிபட்டது. "இந்தக் கீறலை நான் இப்பதான் பாத்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தாள்.

குமரகுருவின் முறை வந்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவர் முன்பக்கம் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். டயருக்கும் விளக்குக்கும் தேவிப்ரியா தலையசைத்தாள். பின்னால் போய் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததைக் குமரகுரு கண்டார். எதற்கு என்று புரியவில்லை.

தேவிப்ரியா எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள். "சார், செயினை எப்ப மாத்துனீங்க?"

"சத்தம் போட்டா மாத்துவேனுங்க. அது போடலை."

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். அவரைக் கையோடு பின்பக்கம் அழைத்துப்போய்ச் சக்கரத்தை மறுபடி சுற்றினாள். பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து இலந்தை முள்போல் வளைந்திருந்தன. ஒவ்வொரு பல்லிலும் செயின் ஏறி ஏறித் துள்ளியது. பிரேக்கை மிதித்துக் காட்டினாள். கோகுல்ராஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். குமரகுருவின் காதில் எங்கோ தூரத்தில் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு மொத்தமான இரைச்சல் மட்டும் விழுந்தது.

"பிரேக் கட்டை தீந்துபோய் இரும்பும் இரும்பும் உரசுது சார். பின் சக்கரத்து பேரிங் போயிருச்சு. இது ரோட்ல போற எல்லாருக்கும் கேக்கும்." பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஓரமாகத் தள்ளிப்போய், உதடு தெரிய நிதானமாகச் சொன்னாள். "உங்க பின்னாடி நின்னு மூணு தடவை ஹாரன் அடிங்கன்னு சொன்னேன். நீங்க திரும்பலை."

குமரகுரு திரும்பித் தன் வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"நான் வண்டியை மட்டுந்தான் எழுதணும். ஓட்டறவங்களுக்கு இந்தப் பேப்பர்ல இடம் இல்ல. நீங்களே ஒரு டாக்டர்கிட்ட காட்டிக்கோங்க சார்."

சிவப்பு ஸ்டிக்கரை அவளே மட்கார்டில் ஒட்டினாள். பதினான்கு வருஷத்தில் முதல் சிவப்பு.

அவள் அடுத்த வண்டிக்குப் போனதும் கோகுல்ராஜ் பக்கத்தில் வந்து நின்றான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோமுங்கண்ணா. சும்மா வெளையாட்டுக்குத்தான் சத்தமில்லீன்னு சொல்றீங்கன்னு. அப்பறம்... உங்க வண்டியப் பத்தி உங்களுக்கு யாருங்கண்ணா சொல்றது?"

அவன் பேசியதில் பாதியை அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். அப்படிப் பார்த்துத்தான் இத்தனை நாள் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து மஞ்சுளாவை உட்காரவைத்துக் கேட்டார். "ஏம்புள்ள, நீ எப்ப இருந்து இப்படி மெதுவாப் பேசறே?"

மஞ்சுளா சிரித்தேவிட்டாள். "நானா? நம்மூட்ல தெனமும் சண்டைன்னு அக்கம்பக்கத்துல எல்லாம் பேசிக்கறாங்க. கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு எத்தனையோ தடவை சொன்னேன். நீங்க சரி சரின்னு தலையாட்டுனீங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் காதில் ஹெட்போனை மாட்டிச் சோதித்தார்கள். கீச்சிடுகிற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், அவை பெரும்பாலும் போய்விட்டன என்று டாக்டர் விளக்கினார். காதுக்குக் கருவி வைத்தால் மனிதர்கள் பேசுவது கேட்கும். நாலாயிரம் குஞ்சுக்கு நடுவில் ஒரு குஞ்சு இழுக்கிற சளி கேட்குமா என்று குமரகுரு கேட்டார். டாக்டருக்கு அந்தக் கேள்வியே புதிது. வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கருவி வந்துசேர ஒரு வாரம் ஆகும்.

வண்டி மெக்கானிக்கிடம் இரண்டு நாள் இருந்தது. செயின், பல்சக்கரம், பேரிங், பிரேக் கட்டை எல்லாம் புதிது. குமரகுரு கிளையில் உட்கார்ந்து தீவனக் கணக்கு ஏற்றினார். விரல் வேலை செய்தது. மனம் ஐப்பசியிலேயே நின்றது. கருப்பண்ணனின் தொட்டி அவர் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அதை எட்டிப் பார்த்தோமா என்று யோசித்தார். பார்க்கவில்லை. சளி இல்லை என்று காது சொன்ன பிறகு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று அவராக முடிவுகட்டி எழுதியதுதான். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. காது விஷயம் வெளியே தெரிந்தால் லைன் போய்விடும். இந்த மேஜைதான் கடைசிவரைக்கும். வண்டியைச் சரிசெய்து பச்சை வாங்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பெண்ணும் எழுதவில்லை. இரண்டு வருஷம் ஓட்டியதை இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்.

மூன்றாம் நாள் பச்சை ஸ்டிக்கர் கிடைத்தது. குமரகுரு நேராகப் பாவாயி பண்ணைக்குப் போனார்.

பாவாயிக்கு அறுபதை நெருங்கிய வயது. கொட்டகைக்கு முன்னால் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தவள், வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்ததும் பதறிப்போனாள்.

"ஏனுங்க தம்பி, எப்ப வந்தீங்க? வண்டிச் சத்தமே கேக்கலீங்களே. டீகூட வெக்கலை."

வரும்போதெல்லாம் டீ எப்படித் தயாராக இருந்தது என்பது குமரகுருவுக்கு அப்போது புரிந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கினார். "எனக்கும் கேக்கறதில்லீங்கக்கா. ரெண்டு வருசமாச்சு," என்றார்.

வாயை விட்டு வந்த பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது. பாவாயி ஆச்சரியப்படவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க," என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக, அவர் விசிலடித்து நிற்கும்போதெல்லாம் பாவாயி எதிரே வந்து நின்று, 'அந்த வடக்கு மூலையில கொரகொரங்குதுங்களா?' என்று கேட்பாள். அவர் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, ஆமாம் என்பார். மருந்து எழுதுவார். இவளுக்கும் நம்மைப் பார்த்துப் பார்த்துக் காது பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். அவள் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை. அவர் முகம் வாடாமல், பதிலை அவர் கையில் கொடுத்திருக்கிறாள்.

"ஏனுங்கக்கா, நேராச் சொல்லியிருக்கலாமல்ல?"

"எப்படிங்க சொல்றது? இத்தன வருசமா நீங்க சொல்லி நாங்க கேட்டம். உங்களுக்குப் போயி நாஞ் சொல்றதா?"

கோகுல்ராஜ் சொன்னதும் இதுதான். எல்லோரும் மரியாதை கொடுத்தார்கள். அந்த மரியாதையில் எழுநூறு குஞ்சு செத்தது. கருப்பண்ணனும் மரியாதைக்காரர்தான். ஆனால் அவருக்குப் பாவாயிபோல் ஜாடையாகக் கேட்கத் தெரியாது. குமரகுரு சளி இல்லை என்றதும் நம்பிவிட்டார்.

இரண்டு பேரும் கொட்டகைக்குள் போனார்கள். பதினெட்டு நாள் குஞ்சுகள் தரையில் பரப்பியிருந்த தேங்காய் மஞ்சித்தூளைக் கிளறிக்கொண்டு திரிந்தன. குமரகுரு விசில் அடித்தார். விசில் மட்டும் பழைய மாதிரியே வந்தது. குஞ்சுகள் தலை தூக்கி நின்றன. இந்தமுறை அவர் காதைத் தீட்டவில்லை. பாவாயியின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி நின்று, பிறகு இரண்டாவது தூணுக்குக் கை காட்டினாள். "அங்க நாலஞ்சு இருக்குமுங்க. நேத்துக் காத்தால இல்லை," என்றாள்.

வாசலில் வந்து பேட்ச் அட்டையை எடுத்து, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதினார். கீழே, 'சளி: இரண்டாம் தூண். கேட்டுச் சொன்னவர்: பாவாயி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அட்டையை அவளுக்குப் படித்தும் காட்டினார்.

"இதென்னுங்க தம்பி, என் பேரைப் போட்டுட்டீங்க? ஆபீஸ்ல பாத்தா என்னன்னு கேப்பாங்கல்லங்க?"

"கேக்கட்டுமுங்க. சாயங்காலம் நானே போயிச் சொல்லீருவேன். அப்பறம் அவங்க பாடு."

பாவாயி அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினாள். குமரகுரு வேண்டாம் என்று வண்டியை எடுத்தார். எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தத் தடத்தில் இருப்பது கருப்பண்ணன் பண்ணை ஒன்றுதான். இப்போது அங்கே கொட்டகை காலியாக இருந்தது.

"அவருகிட்ட என்னன்னுங்க சொல்லப் போறீங்க?"

"தண்ணியில தப்பில்லீங்கன்னு," என்றார் குமரகுரு.